கமாண்டோவுக்குக் கூடுதலாகக் கிடைத்த ஏழு குதிரைகள்

நார்ட்டன் என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு ஆன்டிவைரஸ்தான் ஞாபகத்துக்கு வரும். இது அது இல்லை மக்களே. இது இங்கிலாந்து மோட்டார் சைக்கிள் நார்ட்டன். 2020 ஏப்ரலில் நம்ம ஓசூர் டிவிஎஸ் மோட்டார் 1.6 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியதே, அந்தப் பெயர். வாங்கியதில் பாதி மதிப்பு பழைய புகழுக்குத்தான். அந்தப் புகழில் பெரிய பங்கு கமாண்டோ என்ற வண்டிக்கு. அந்தக் கமாண்டோவை ஏறக்குறைய கவிழ்த்துவிட்டதும் நார்ட்டன்காரர்களேதான், அதுவும் வண்டியைப் பலப்படுத்துகிறோம் என்று நினைத்துச் செய்த வேலையில்!

கதை கொஞ்சம் பின்னால் தொடங்குகிறது. 1948 கடைசியில் பெர்ட் ஹாப்வுட் வடிவமைத்த ஒரு இன்ஜின் வெளியே வந்தது. காற்றால் குளிர்கிற இரட்டை சிலிண்டர், 497 சிசி, 29 குதிரைத் திறன். இரண்டு பிஸ்டனும் ஒன்றாக மேலே போய் ஒன்றாகக் கீழே இறங்கும். கீழே இருக்கும் கிராங்க் ஷாஃப்ட் மூன்று துண்டுகளை போல்ட் போட்டு இணைத்தது. அதைத் தாங்குவது இரண்டு முனையிலும் ஒவ்வொரு பேரிங், அவ்வளவுதான். நடுவில் எந்தப் பிடிமானமும் கிடையாது. இரண்டு பேர் தோளில் மூங்கிலை வைத்து, நடுவில் பாரம் கட்டித் தூக்கிக்கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள். 29 குதிரைக்கு அது தாராளம். ஆனால் அதே அமைப்பை வைத்துக்கொண்டே 596, 646, 745 சிசி என்று பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். மூங்கில் அதேதான், பாரம் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

1967 லண்டன் கண்காட்சியில் வந்த கமாண்டோவில் ஒரு நல்ல தந்திரம் இருந்தது. இன்ஜின், கியர் பாக்ஸ், பின் சக்கரம் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து ரப்பர் வைத்துச் சட்டத்தில் தொங்கவிட்டார்கள். அதிர்வு ஓட்டுகிறவனின் கைக்கு வராது. வண்டி பட்டு மாதிரி போகும். ஆனால் இதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. மற்ற பிரிட்டிஷ் இரட்டை சிலிண்டர் வண்டிகளில் கை மரத்துப் போனால் ஓட்டுகிறவன் தானாகவே ஆக்ஸிலேட்டரைக் குறைப்பான். கமாண்டோவில் அந்த எச்சரிக்கையே கிடையாது. உள்ளே இன்ஜின் கதறினாலும் மேலே உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது.

1969-ல் ஹோண்டா சிபி750 வந்தது. நான்கு சிலிண்டர், 67 குதிரை, செல்ஃப் ஸ்டார்ட், முன்னால் டிஸ்க் பிரேக். கமாண்டோ 58-ல் நின்றது. புது இன்ஜின் செய்யப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. பணம் இல்லாத கம்பெனி என்ன செய்யும்? இருப்பதையே முறுக்கும். 1972 ஜனவரியில் ‘காம்பாட்’ என்ற இன்ஜின் வந்தது. ஹெட்டைச் சீவி கம்ப்ரஷனை 10-க்கு 1 என்று ஏற்றினார்கள். கேம் ஷாஃப்டைக் காரமாக்கினார்கள். கார்ப்பரேட்டரை 32 மில்லிமீட்டர் ஆக்கினார்கள். 6,500 சுற்றில் 65 குதிரை. ஆக, ஏழு குதிரை அதிகம். காகிதத்தில் ஹோண்டாவை எட்டிப் பிடித்தாயிற்று.

ரோட்டில்? சில ஆயிரம் மைலிலேயே மெயின் பேரிங் போனது. சில வண்டிகளில் கிராங்கே உடைந்தது. பிஸ்டனும் உடைந்தது.

பேரிங் ஏன் போனது என்பதுதான் இந்தக் கதையின் ருசியான இடம். பழைய இன்ஜினில் ஒரு பக்கம் உருளை பேரிங், இன்னொரு பக்கம் குண்டு பேரிங். பவர் ஏறுகிறதே, கீழ்ப்பக்கம் தாங்க வேண்டுமே என்று காம்பாட்டில் இரண்டு பக்கமும் உருளை பேரிங் போட்டார்கள். உருளைக்குக் குண்டை விடத் தாங்கும் சக்தி அதிகம், இது பாடப் புத்தகம் சொல்வது. ஆனால் அந்தக் கணக்கு ஷாஃப்ட் நேராக நிற்கும்வரைதான். இந்த கிராங்க் வேகச் சுற்றில் மூங்கில் மாதிரி வளையும், வளையும்போது முனைகள் லேசாகச் சாயும். குண்டு பேரிங் அந்தச் சாய்வைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். நேர் உருளைக்கு அந்தப் பொறுமை இல்லை. அதன் விளிம்பு, வழித்தடத்தில் உளி மாதிரி பதிய ஆரம்பிக்கும். ஆக, பலப்படுத்தப் போட்ட பேரிங்தான் முதலில் செத்தது.

பிஸ்டனின் கதை வேறு. எண்ணெய் வழிவதற்காக ஆயில் ரிங்குக்கு அடியில் நீளவாக்கில் வெட்டு விட்டிருந்தார்கள். அந்த வெட்டு வழியாகவே பிஸ்டனின் தலை பிய்ந்து வந்தது. 89 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 6,500 சுற்று என்று கணக்குப் போட்டால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 19 மீட்டருக்கு மேல் வருகிறது. நிமிடத்துக்கு 13,000 முறை நின்று திரும்ப வேண்டும். இதில் சூட்டைத் தணிக்க எதிர்க்காற்றும் எண்ணெயும்தான். சிக்னலில் நின்றால் அந்தக் காற்றும் கிடையாது.

இதில் வேடிக்கை, 1972-லும் ‘மோட்டார் சைக்கிள் நியூஸ்’ வாசகர்கள் கமாண்டோவையே அந்த ஆண்டின் சிறந்த வண்டியாகத் தேர்ந்தெடுத்தார்கள், தொடர்ந்து ஐந்தாவது முறையாக. காதலுக்குக் கண் இல்லை :-)

அதே 1972-ன் பிற்பாதியில் மருந்து கண்டுபிடித்தார்கள். ‘சூப்பர்பிளெண்ட்’ என்று பெயர் பெற்ற பேரிங் அது. அதன் உருளைகள் மட்ட உருளை இல்லை, பீப்பாய் மாதிரி மிக லேசாக நடு பருத்து ஓரம் மெலிந்திருக்கும். ஷாஃப்ட் சாய்ந்தாலும் விளிம்பு குத்தாது. கண்ணுக்கே தெரியாத இந்த வளைவு மொத்த இன்ஜினையும் காப்பாற்றியது. பிஸ்டனில் வெட்டுக்குப் பதிலாகத் துளைகள் போட்டார்கள். அடுத்து 1973-ல் 828 சிசி இன்ஜின் வந்தது. போர் மட்டும் 73-லிருந்து 77 மில்லிமீட்டர் ஆனது, கம்ப்ரஷனை 8.5-க்கு இறக்கினார்கள். குதிரை 60-க்குக் குறைந்தது, இழுவை கூடியது. ஓட்டியவர்கள் யாரும் அந்த ஐந்து குதிரையைத் தேடவில்லை. கமாண்டோ உற்பத்தி 1977-ல் நின்றது. கெட்ட பெயரைத் துடைக்க அந்தச் சில வருஷம் போதவில்லை.

இன்றைக்கு காம்பாட் வைத்திருப்பவர்கள் அதை டியூன் செய்யும் விதத்தைப் பார்த்தால் தொழிற்சாலை போன பாதைக்கு நேர் எதிராக இருக்கும். முதலில் கீழே கை வைக்கிறார்கள், சூப்பர்பிளெண்ட் போடுகிறார்கள். பிறகு ஹெட்டுக்கு அடியில் தடித்த செம்பு கேஸ்கெட் வைத்து கம்ப்ரஷனைக் குறைக்கிறார்கள். பாயிண்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன். டைமிங் தப்பி, பொறி முன்கூட்டியே விழுந்து, பிஸ்டனில் ஓட்டை விழும் வேலை அதோடு குறையும். முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒன்றிரண்டு பல் கூட்டுகிறார்கள், அதே வேகத்துக்குச் சுற்று குறையும். சிலர் இரண்டு அமால் கார்ப்பரேட்டரையும் தூக்கிவிட்டு ஒரே ஒரு மிகுனி போட்டுவிடுகிறார்கள். உச்ச வேகத்தில் கொஞ்சம் போகும். ஆனால் இரண்டையும் ஒத்துப்போக வைக்கும் தலைவலி மிச்சம். இவற்றில் பாதிக்கு மேல் பவரைக் குறைக்கிற வேலைகள்தான் என்றாலும் அவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘டியூனிங்’.

விற்கிறவர் ஹெட்டில் குத்தியிருக்கும் ‘சி’ எழுத்தைக் காட்டி, இது ஒரிஜினல் காம்பாட் என்று பெருமையாகச் சொல்லுவார். விவரம் தெரிந்து வாங்க வருகிறவர் தலையை ஆட்டிவிட்டுக் கேட்கும் முதல் கேள்வி, “பேரிங் மாத்தியாச்சா?”