சொன்ன நேரத்துக்கு வருகிறவன்

சொன்ன நேரத்துக்குத் தவறாமல் வருகிறவர்கள் என்று என் வாழ்நாளில் இரண்டே பேரைத்தான் கண்டிருக்கிறேன். ஒருவர், எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்த பெரியவர். மழையானாலும் புயலானாலும் அவருடைய சைக்கிள் மணி ஐந்தே காலுக்கு ஒலித்துவிடும். அவர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. இன்னொருவன், மணலி புதுநகரில் எங்கள் தெருக்கோடிப் பட்டறையில், எண்ணெய்க் கறை படிந்த ஒரு மேஜையின்மேல் உட்கார்ந்திருக்கிறான். அவன் மனிதனல்ல, ஏதோ ஒரு வங்கிக் கிளையில் உழைத்து, தள்ளுபடியாகி, ரிச்சி தெருவில் 2,200 ரூபாய்க்கு விலைபோன பழைய கம்ப்யூட்டர். அவனைத் தேடிப் பிடித்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். அந்தக் கதையில் என் கர்வத்துக்கும் ஒரு குட்டு விழுந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. திருவொற்றியூரிலிருந்து பொன்னேரிக்குப் போகும் சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டு போனால் மணலி புதுநகர் வரும். ஒரு பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் நெருப்பு. இன்னொரு பக்கம் எண்ணூரின் புகைபோக்கிகள். பக்கத்திலேயே கொசஸ்தலை ஆறு. எண்ணூரில் லாரியும் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிளும் 1950-களிலேயே உருவாகத் தொடங்கிய வட்டாரம் இது. ஆகையால் இங்கே வீட்டுக்கு வீடு ஒரு ஃபிட்டரோ டர்னரோ வெல்டரோ இருப்பார். ஓய்வு பெற்றதும் கிடைத்த பணத்தில் சிலர் மனை வாங்குவார்கள். சிலர் மெஷின் வாங்குவார்கள்.

தெருக்கோடிப் பட்டறைக்காரர் மெஷின் வாங்கிய கூட்டத்தைச் சேர்ந்தவர். முப்பது வருஷம் டர்னராக இருந்துவிட்டு, ஒரு லேத்தையும், இரண்டாங்கையாக ஒரு மில்லிங் மெஷினையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்த மில்லிங் மெஷின் சாதாரணமானதல்ல. கையால் சக்கரம் சுழற்ற வேண்டாம். மூன்று பக்கமும் மோட்டார் வைத்து, கம்ப்யூட்டர் கணக்குப்படி தானே நகர்ந்து இரும்பைச் செதுக்கும். காசிமேட்டு விசைப்படகுகளுக்குப் பம்ப் பாகங்கள் செய்து கொடுத்து நன்றாகவே பிழைத்துவந்தார். என்னை விட நாலைந்து வயது சிறியவர். "அண்ணே" என்று கூப்பிடுவார். பாலிடெக்னிக் முடித்த ஒரே மகள் என்னைப் "பெரியப்பா" என்பாள்.

2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தது. ஆறு எங்கள் தெருவுக்குள் வந்து குடியேறியது. தண்ணீர் வடிந்த பிறகு பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். அப்பாவும் மகளும் மண்ணெண்ணெயும் துணியுமாக, மெஷினுக்கு நோயாளியைக் குளிப்பாட்டுவதுபோல உடம்பு துடைத்துக்கொண்டிருந்தார்கள். இரும்பு பிழைத்துக்கொண்டது. மோட்டார்கள் வெயிலில் காய்ந்து பிழைத்தன. மோட்டார்களுக்கு மின்சாரம் கொடுக்கும் அட்டைகள் சுவரில் உயரமாக மாட்டியிருந்ததால் தப்பின. ஆனால் மெஷினுக்கு மூளையாக இருந்த பெட்டி கீழே இருந்தது. மூன்று நாள் சேற்றில் கிடந்த மூளை என்ன ஆகும்?

விற்றவர்களிடம் கேட்டதற்கு, அந்தப் பெட்டி இப்போது வருவதில்லை, புதிது போட்டால் இரண்டு லட்சத்துக்குக் குறையாது என்றார்கள். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? பிள்ளை பெற்ற வீட்டில் தொட்டில் மாதிரி நடுக்கூடத்தை அடைத்துக்கொண்டு, ஒரு வருஷம் அந்த மெஷின் சும்மா நின்றது.

"போதும்ணே! காயலான் கடைக்காரர்கிட்டச் சொல்லிட்டேன். தை பொறந்ததும் லாரி கொண்டாறேன்னிருக்காரு. அட்வான்ஸும் வாங்கிட்டேன்" என்றார் ஒரு நாள். குரலில் சுரத்தில்லை.

மகள் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்தாள். "பெரியப்பா, அந்த மெஷினை வித்துட்டா அப்பா அதோட உட்கார்ந்துடுவாரு. நானும் எங்கேயாவது கம்பெனியில கான்ட்ராக்ட்ல சேர வேண்டியதுதான். ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடைச்சா மெஷினை எழுப்பிடலாம்" என்றாள்.

"பழையது எதற்கு அம்மா? புதிதாகவே என் மருமகனிடம் ஒன்று இருக்கிறதே! மின்னல் வேகம் என்று அவனே சொல்லிக்கொள்கிறான்" என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு எனக்கு ஒரு பாடம் நடத்தினாள். புரிந்த வரையில் அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இயந்திரங்களைக் கட்டுப்படுத்துவதற்கென்று லினக்ஸில் ஓடும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. 1990-களில் அமெரிக்க அரசாங்கத்தின் தர நிர்ணய ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது. அரசாங்கச் சொத்தாகையால் அதை ஊருக்கெல்லாம் பொதுவில் வைத்துவிட்டார்கள். முதலில் இ.எம்.சி. என்று பெயர், அதே பெயருள்ள பெரிய கம்பெனி ஒன்று ஆட்சேபிக்கவே, 2011-ல் லினக்ஸ் சி.என்.சி. என்று பெயர் மாறியது. இன்றும் உலகெங்கும் பல பேர் சம்பளம் வாங்காமல் அதைத் திருத்தி வளர்த்து வருகிறார்கள். காசு கிடையாது. இரண்டு லட்சத்துப் பெட்டி செய்த வேலையை இது செய்யும். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை உண்டு: ஓடுகிற கம்ப்யூட்டர் நேரம் தவறக் கூடாது.

எவ்வளவு நேரம் தவறக் கூடாது? இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. அந்த மோட்டார் வழுக்கிக்கொண்டு சுழல்வதில்லை. அடி அடியாக எடுத்து வைத்துச் சுழல்கிறது. பட்டறைக்காரர் வைத்திருக்கும் ஏற்பாட்டில் ஒரு சுற்றுக்கு 1,600 அடி. ஒரு சுற்றுக்கு மேஜை 5 மில்லிமீட்டர் நகரும். நிமிஷத்துக்கு 1,500 மில்லிமீட்டர் போக வேண்டுமானால், விநாடிக்கு 8,000 அடி. ஒவ்வோர் அடிக்கும் கம்ப்யூட்டர் "வை" என்று உத்தரவு கொடுக்க வேண்டும். ஓர் உத்தரவுக்கும் அடுத்ததற்கும் நடுவே 125 மைக்ரோசெகண்டு. ஒரு விநாடியைப் பத்து லட்சமாக நறுக்கினால் ஒரு துண்டுதான் ஒரு மைக்ரோசெகண்டு! இதில் 15, 20 துண்டு தாமதமானால் பாதகமில்லை. 300 துண்டு தாமதமானால் மோட்டார் தடுமாறி அடியைத் தவற விடும். தவற விட்டது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எல்லாம் சரியாக நடப்பதாகவே எண்ணி மேலே வெட்டிக்கொண்டு போகும். இரும்பும் பாழ், வெட்டும் கருவியும் பாழ்.

"கல்யாணத்துக்கு வர்றவரு கார்ல வந்தாரா, சைக்கிள்ல வந்தாரான்னு யாரும் கேக்க மாட்டாங்க பெரியப்பா. முகூர்த்தத்துக்கு வந்தாரான்னுதான் கேப்பாங்க" என்றாள் அந்தப் பெண். நாற்பது வருஷமாக எழுதுகிற எனக்கு இப்படி ஓர் உவமை வாய்த்ததில்லை.

மருமகனின் மின்னலைக் கொண்டுவந்து சோதித்தோம். சோதனை வேடிக்கையானது. தாமதத்தை அளக்கும் நிரலை ஓடவிட்டு, அதே சமயம் கம்ப்யூட்டரைப் படாத பாடு படுத்த வேண்டும். ஒரு பக்கம் சினிமாப் படம். ஒரு பக்கம் பெரிய பெரிய ஃபைல்களை நகல் எடுப்பது. ஜன்னல்களைத் திறந்து மூடி இழுத்தடிப்பது. இத்தனைக்கும் நடுவே அது எத்தனை முறை நேரம் தவறியது என்பது கணக்கில்லை. மிக மோசமாக ஒரே ஒரு முறை எவ்வளவு தவறியது என்பதுதான் கணக்கு. மின்னலார் பத்து நிமிஷம் பிரமாதமாக இருந்தார். பதினோராவது நிமிஷம் 430 மைக்ரோசெகண்டு காணாமற் போய்விட்டார்!

காரணம் கேட்டேன். மடியில் வைக்கும் கம்ப்யூட்டர்கள் பாட்டரியை மிச்சம் பிடிக்கக் கிடைத்த இடைவெளியில் எல்லாம் கண்ணயர்ந்துவிடுமாம். எழுப்பினால் சோம்பல் முறித்துக்கொண்டுதான் எழுந்திருக்கும். அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. சூட்டையும் விசிறியையும் கவனிப்பதற்கென்று கம்ப்யூட்டரின் அடிப்பலகையிலேயே ஒரு ரகசிய நிரல் குடியிருக்கிறது. அது நினைத்த போது எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுத் தன் காரியத்தைப் பார்க்கும். லினக்ஸுக்கே அது தெரியாது. குடித்தனக்காரரைக் கேட்காமல் வீட்டுச் சொந்தக்காரர் நடுக்கூடத்தில் வந்து நின்று குழாயைச் சோதிப்பது மாதிரி. எல்லா மாடலிலும் இந்தத் தொல்லை ஒரே அளவில் இருப்பதில்லை. விலைச்சீட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

போதாக்குறைக்கு மெஷினோடு இணைக்கப் பழைய பாரலல் போர்ட் வேண்டும்: 25 துளைகளுள்ள அந்த அகலமான வாய். அந்தக் காலத்தில் அச்சு இயந்திரத்தை அதில்தான் சொருகுவோம். வெளியே போக 12 கம்பி, உள்ளே வர 5 கம்பி. மூன்று மோட்டாருக்கும் அவசரத்தில் நிறுத்தும் பொத்தானுக்கும் அது போதும். யு.எஸ்.பி.யில் சொருகி இதே வாயைத் தரும் ஒரு கம்பியை நானாகவே 700 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டு போனேன். அச்சடிக்கத்தான் அது உதவும், மெஷினுக்கு உதவாது என்றாள். அந்தக் கம்பி இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

25 துளை என்றதும் என் நெஞ்சு திக்கென்றது. எங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று இருந்தது. நான் இரண்டு நாவல்களைத் தட்டெழுதிய பெட்டி. "தூக்கிப் போடுங்கள்" என்று என் மனைவி பல வருஷமாகச் சொல்லியும் நான் கேட்டதில்லை. ஒரு நாள் அதற்கு மதிப்பு வரும் என்று எனக்கு ஓர் எண்ணம். எழுத்தாளன் இறந்த பிறகு அவன் பேனாவையும் மூக்குக் கண்ணாடியையும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்களே, அந்த வகை மதிப்பு! இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. ரிச்சி தெருவில் கிடைக்காமலா போகும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். மூன்றாம் நாள் பட்டறைப் பக்கம் போனபோது, பட்டறைக்காரர் மெஷினின் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து ஏணியை எடுத்தேன்.

பெரிய தியாகம் செய்த முகத்தோடு பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண் அதைத் திறந்து, தூசி தட்டி, முதல் வேலையாக ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி என் கையில் வைத்தாள். "உங்க நாவல் எல்லாம் இதுலதான் இருக்கு பெரியப்பா. பத்திரம்" என்றாள். வேறு டிஸ்க் போட்டுச் சோதனையை ஓடவிட்டாள். நான் பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்பிய தகப்பனைப்போல் பக்கத்தில் நின்றேன்.

180 மைக்ரோசெகண்டு. நிமிஷத்துக்கு ஒரு முறை, தவறாமல் 180. பயாஸில் மின்சாரச் சிக்கனத்தை அணைத்தாள். படம் காட்டும் வேலைக்குத் தனியாக ஓர் அட்டை போட்டாள். எதற்கும் மசியவில்லை. என் கண்ணாடிப் பெட்டிக் கனவு அன்றோடு முடிந்தது.

ஆகவே ரிச்சி தெருவுக்கே போனோம். மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோவதற்கு முன்னால் அங்கே பழைய புத்தகம் தேடி அலைந்தவன் நான். அதே அலைச்சல், அதே தூசி. புத்தகத்துக்குப் பதில் பெட்டி. அந்தப் பெண் ஒரு பென் டிரைவில் லினக்ஸைப் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தாள். வாங்குவதற்கு முன் கடையிலேயே சொருகி, கால் மணி நேரம் சோதித்துப் பார்க்க அனுமதி கேட்டாள். முதல் கடைக்காரர் விரட்டினார். இரண்டாவது கடைக்காரர் சிரித்தார். நான்காவது கடைக்காரர், "பாருங்கம்மா, கரன்ட்டுதானே போவுது" என்று ஸ்டூல் எடுத்துப் போட்டார். அங்கே மூன்றாவதாகச் சோதித்த பெட்டி 14-ல் நின்றது. கால் மணி அரை மணியாகியும் 14-ஐத் தாண்டவில்லை. அழுக்குப் பிடித்த, மெதுவான, எவரும் திரும்பிப் பாராத ஒரு பெட்டி.

இப்படி நேரம் தவறாமல் ஓடும் வித்தையை லினக்ஸோடு முழுமையாகச் சேர்க்க ஏறத்தாழ 20 வருஷம் பாடுபட்டிருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் வியன்னாவில் நடந்த மாநாட்டில், கடைசிப் பகுதியைச் சேர்க்கும் விண்ணப்பத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, பொன்னிறத் தாளில் சுற்றி, லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் கையில் கொடுத்தார்களாம். அந்தச் செய்தியை அவள் எனக்குச் சொன்னது, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ராயபுரம் தாண்டி வரும்போது.

மார்கழி கடைசியில் ஒரு ராத்திரி மெஷினை ஓட்டினாள். ஒரு துண்டு அலுமினியத்தில் வட்டம் வெட்டச் சொன்னாள். அளவுக் கருவியை எடுத்துப் பட்டறைக்காரர் இந்தப் பக்கம் அளந்தார். அந்தப் பக்கம் அளந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அளந்தார். பிறகு, "ஏம்மா, நாளைக்கு அந்த காசிமேட்டுக்காரருக்கு ஒரு போன் போடு" என்றார்.

தை பிறந்தது. லாரி வந்தது. பட்டறைக்காரர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார். "எண்ணூர்லேர்ந்து வெறும் வண்டியா ஓட்டிக்கினு போறதா சார்?" என்று காயலான் கடைக்காரர் என்னைப் பார்த்து நியாயம் கேட்டார். அவர் கேட்டதும் நியாயந்தான். கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு, பட்டறை மூலையில் கிடந்த என்னுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். தராசில் வைத்தார். அறுபது ரூபாய் கொடுத்தார்.