விட்டுப் பிடி!

ஷெல் பெட்ரோல் பங்க் போர்டில் மஞ்சளாக, விசிறி மாதிரி ஒரு சிப்பி இருக்குமே, கவனித்திருக்கிறீர்களா? அதன் பெயர் ஸ்காலப். அதை நம்பி ஒரு துறைமுகமே பிழைக்கிறது. அமெரிக்காவில், பாஸ்டனுக்குத் தெற்கே பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். நியூ பெட்ஃபோர்ட்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திமிங்கல எண்ணெய் விற்றுக் கொழித்த ஊர். 2024-ல் நான் போனபோது துறையில் டீசலும் மீனும் கலந்த வாசனை. வரிசையாகப் படகுகள். ஒவ்வொன்றிலும் இரும்புச் சட்டத்தில் வளையங்கள் கோத்த ராட்சசப் பை. அதைக் கடலடியில் இழுத்துப் போனால் சிப்பியை வாரிக்கொண்டு வரும்.

கயிறு சுற்றிக்கொண்டிருந்த வயதான கேப்டனிடம், "வருஷம் பூரா கடல்லதானா?" என்றேன்.

சிரித்தார். "இந்த வருஷம் எனக்குக் குடுத்தது 20 நாள்!"

எங்கள் ஆபீஸில் லீவே அதைவிட அதிகம்.

"அது போக, மூடி வெச்சுத் திறக்கிற இடங்களுக்குச் சில நடை. அதுக்கும் அளவு உண்டு. ஏமாத்த முடியாது, சாட்டிலைட் பாத்துக்கிட்டே இருக்கும்."

கதை 1994-ல் ஆரம்பம். காட், ஹாடாக் மீன்கள் அருகிவிட்டன என்று அந்த டிசம்பரில் கடலின் மூன்று பெரிய பகுதிகளை மூடினார்கள். சிப்பிப் படகுகளுக்கும் சேர்த்துத் தடை.

"வயித்துல அடிக்கிறாங்கன்னு கத்தினோம்" என்றார்.

ஆனால், 1998-க்குள் மூடிய பகுதிகளில் ஸ்காலப்பின் மொத்த எடை 14 மடங்காகிவிட்டது! 1999-ல் அளவோடு திறந்துவிட்டார்கள்.

விஷயம் இதுதான். மூன்று வயது ஸ்காலப்பை ஐந்து வயது வரை விட்டுவைத்தால் உள்ளிருக்கும் தசை நாலு மடங்காகிறது. எந்த பாங்க் ஸ்வாமி தரும் இந்த வட்டி? அதனால் 2004 முதல் சுழற்சி முறை. குட்டிகள் நிறைந்த இடத்தை மூடு, வளர்ந்ததும் திற. பையின் வளையம் 4 அங்குலம், குட்டி நழுவிவிடும். பொதுவான பகுதிக்குப் போனால் படகில் 7 பேருக்கு மேல் கூடாது. சிப்பியைக் கடலிலேயே கையால் திறந்து தசையை எடுக்க வேண்டும். ஆள் குறைந்தால், பொடிசுகளோடு மல்லுக்கட்ட நேரமிருக்காது.

"அப்ப இனிமே கவலையே இல்லையா?"

"2019-ல அள்ளினோம். அப்புறம் குட்டிங்க வரத்து கொறைஞ்சு போச்சு. இருக்கிறதைக் காப்பாத்தத்தான் சட்டம் போடலாம். பொறக்க வைக்க முடியுமா? அதான் இந்த 20 நாள்."

பக்கத்தில் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த இளைஞன் நிமிர்ந்தான். "கடலை மூடித் திறக்கிறாங்க சார். எங்களுக்குத்தான் திறக்கலை."

1994-லேயே உரிமங்களையும் கட்டுப்படுத்திவிட்டார்கள். அந்த உரிமம் சுமார் 350 படகுகளுக்குத்தான். ஒன்று கை மாறினால் விலை பல மில்லியன் டாலர். கேப்டன் இளைஞனாக இருந்தபோது கடன் வாங்கிப் படகு வாங்கினாராம். இவன் ஆயுசு பூரா கூலிக்கு உழைத்தாலும் வாங்க முடியாது. சிப்பிக்குக் கிடைத்த அவகாசம் இவனுக்குக் கிடைக்கவில்லை.

கேப்டன் பதில் சொல்லவில்லை. ஆஷ்ட்ரேயாக வைத்திருந்த சிப்பி ஓட்டைக் கழுவி என்னிடம் கொடுத்தார். மரத்துக்குப் போல அதிலும் வளையங்கள், வயதை எண்ணலாம்.

இப்போது என் ஆபீஸ் மேஜையில் இருக்கிறது. முதல் நாளே பக்கத்து சீட் கேட்டார்:

"என்ன சார், பெட்ரோல் பங்க் எடுத்துட்டீங்களா?"