ஒற்றைக் கண்ணி

குரோஷே என்னும் கைவேலையைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. இழையையும் ஏட்டையும் 'நூல்' என்ற ஒரே சொல்லால் குறிக்கும் மொழி நம்முடையது. நன்னூலின் பாயிரம், ஒரு நூல் உருவாகும் விதத்தைச் சொல்லும்போது சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் உருவகம் செய்கிறது. ஆண்டுதோறும் வகுப்பில் இதை நடத்துகையில், புலவனுக்கு உவமையாக நின்ற அப்பெண்ணின் உழைப்புக்கு என்ன மதிப்புக் கிடைத்தது என்ற கேள்வி எனக்குள் எழும். குரோஷேயின் வரலாறு அதற்கு ஒரு விடை தருகிறது.

'குரோஷே' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறு கொக்கி என்று பொருள். கருவியும் அவ்வளவே, நுனியில் கொக்கி வைத்த ஓர் ஊசி. நூலைக் கண்ணியாக வளைத்து, அதனூடே கொக்கியைச் செலுத்தி, அடுத்த கண்ணியை இழுத்தெடுக்க வேண்டும். கண்ணிகள் தொடர்ந்தால் சங்கிலி. சங்கிலி திரும்பித் தன்மீதே ஏறினால் பரப்பு. வட்டமாகச் சுற்றினால் பூ. இரண்டு ஊசிகளால் கம்பளிச் சட்டை பின்னும்போது ஒரு வரிசைக் கண்ணிகள் அனைத்தும் ஊசியில் திறந்தபடி காத்திருக்கும். ஊசி நழுவினால் வரிசையே குலையும். குரோஷேயில் பெரும்பாலும் ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். பால் பொங்கினாலும் குழந்தை அழுதாலும் அக்கண்ணியில் ஓர் ஊக்கை மாட்டிவிட்டு எழுந்துவிடலாம். வீட்டு வேலைகளின் இடைவெளிகளுக்குள் அடங்கிவிடும் இந்தக் குணமே அதன் வரமும் சாபமும் ஆயிற்று.

இக்கலையின் பழமை பற்றிப் பல கதைகள் உலவினாலும், அச்சில் வந்த மாதிரிகளுள் அறியப்பட்ட மிகப் பழையவை 1823இல் 'பெனலோப்பே' என்ற டச்சு இதழில் வெளியானவை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் கொக்கி ஊசியால் செய்யும் பூவேலையிலிருந்து, அதாவது நம் ஆரி வேலையின் உறவிலிருந்து, துணியை நீக்கிவிட்டு நூலை மட்டும் பின்னிப் பிறந்தது குரோஷே என்பது ஒரு கருத்து.

1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து பெரும்பஞ்சம் தொடங்கியது. கார்க் நகரை ஒட்டிய உர்சுலைன் மடத்துக் கன்னியர் இவ்வேலையைக் கற்பித்தனர். குளோன்ஸ் என்ற ஊரில் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் 1847இல் இதைப் பரப்பினார். வெனிஸ் நகரத்து ஊசி லேஸின் தோற்றத்தை இது குறைந்த நேரத்தில் தந்தது. ரோஜா, இலை எனத் தனித்தனியே பின்னியவற்றை வலைபோன்ற பின்னலால் இணைத்தனர். சீமாட்டிகளின் கழுத்துப்பட்டியில் படிந்த அப்பூக்கள் எத்தனையோ குடிசைகளில் உணவாக மாறின.

அதே நூற்றாண்டில் கிறித்தவ ஊழியர் வழியாக ஆந்திரத்தின் நரசாபுரத்துக்கும் லேஸ் வேலை வந்தது. அங்கு ஏற்றுமதிக்காகக் குரோஷே லேஸ் பின்னிய பெண்களை ஆராய்ந்து ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். உலகச் சந்தைக்காக நாள்தோறும் பல மணிநேரம் உழைத்த அப்பெண்கள், தொழிலாளராக அன்றி, ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாக்கும் இல்லத்தரசிகளாகவே கருதப்பட்டனர் என்பதே அவர் கண்டது. ஓய்வு நேர வேலைக்கு எதற்கு முழுக் கூலி? நரசாபுரம் லேஸ் 2024இல் புவிசார் குறியீடு பெற்றது.

நரசாபுரத்தை நான் நூலில்தான் படித்தேன். அதன் நியாயத்தை வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் பெரியம்மா மேசை விரிப்புகளும் குழந்தைத் தொப்பிகளும் பின்னி ஊரிலிருந்த ஒரு கடைக்குக் கொடுத்துவந்தார். என் முதுகலை இரண்டாம் ஆண்டு விடுதிக் கட்டணம் அந்தப் பணம்தான். 2001இல் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் பெரியம்மாவின் தொழிலைக் கேட்டபோது, "வீட்ல சும்மாதான் இருக்கா" என்றார் பெரியப்பா. அவர் குரலில் இளக்காரம் இல்லை. தமக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னார். பெரியம்மாவும் மறுக்கவில்லை. கொக்கி மட்டும் நிற்காமல் போய்வந்துகொண்டிருந்தது.

பொருள்கள் எளியவை. லேஸுக்கு முறுக்கேறிய பருத்தி நூல். எண் கூடக் கூட இழை மெலியும். 10ஆம் எண் தடித்தது, 40 மெல்லியது. மெல்லிய நூலுக்கு எஃகுக் கொக்கி. கம்பளிக்கும் அக்ரிலிக்குக்கும் அலுமினியம் அல்லது மூங்கில் கொக்கி. பருத்தி நூலின் பளபளப்பு, ஜான் மெர்சர் 1850இல் காப்புரிமை பெற்ற காரச்சோடா முறையின் கொடை.

ஊசிப் பின்னலுக்கு வில்லியம் லீ 1589இலேயே இயந்திரம் அமைத்துவிட்டார். குரோஷேக்கோ ஆய்வுக்கூட முன்மாதிரிகளே அண்மையில்தான் தோன்றியுள்ளன. இயந்திரத்தில் நெய்து அதன் தோற்றத்தை மட்டும் காட்டுபவை கடைகளில் உண்டு. அவற்றை விலக்கிவிட்டால், நாம் பேரம் பேசி வாங்கும் ஒவ்வொரு குரோஷே விரிப்பும் யாரோ ஒருவர் கண்ணி கண்ணியாகக் கையால் பின்னியது. அதற்கு எத்தனை மணிநேரம் ஆனது என்று விற்பவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிறகு விலை பேசலாம்.