காதை மூடாத ஹெட்போன் பிறந்த கிராமம்

ஜெர்மனியின் ஹனோவர் நகரிலிருந்து வடக்கே போகும் எஸ்4 ரயிலில் ஏறினால், லாங்கன்ஹாகன் தாண்டியதும் நகரத்தின் சத்தம் அடங்கிவிடும். இரு பக்கமும் சமவெளி வயல்கள், மரங்கள், கொஞ்சம் தள்ளிச் சதுப்பு நிலம். பிசெண்டோர்ஃப் ஸ்டேஷனுக்கு அருகேதான் வென்னபோஸ்டல் கிராமம்.

போர்க்காலத்தில் ஹனோவர் தொழில்நுட்பக் கல்லூரியின் ஆய்வுக்கூடம் ஒன்று இங்கே இடம் மாறி வந்தது. போர் ஓய்ந்த 1945-ல், பொறியாளர் ஃப்ரிட்ஸ் சென்ஹைசர் அதே இடத்தில் சிறு தொழிலகம் தொடங்கினார். ஆரம்பத்தில் தயாரித்தது வோல்ட் மீட்டர்! பின்னாளில் அவர் பெயரிலேயே வளர்ந்த அந்த நிறுவனம், 1968-ல் எச்டி 414 என்ற ஹெட்போனைக் கொண்டுவந்தது.

அதுவரை ஹெட்போன் என்றால் காதை இறுக மூடும் கனமான கிண்ணங்கள்தான். சற்று நேரத்திலேயே காது வியர்த்துவிடும். எச்டி 414-ல் பின்பக்கச் சுவரே இல்லை, துளைகள் மட்டும். காதின் மேல் மெல்லிய மஞ்சள் ஸ்பாஞ்ச். ஒலி உள்ளேயே முட்டி எதிரொலிக்காமல் வெளியேறுவதால், பாட்டு தலைக்குள் அடைபடாமல் எதிரே பாடுவதுபோல் விரிந்து கேட்கும். காற்றும் தாராளமாகப் புகும்.

திறந்த வடிவம் வீட்டைவிட்டுத் தெருவுக்கு வந்தது 1979-ல். சோனி வாக்மேனுடன் வந்த ஸ்பாஞ்ச் ஹெட்போனின் எடை சுமார் 50 கிராம்தான். இருவர் சேர்ந்து கேட்க இரண்டு துளைகள், பாட்டுக்கு நடுவே பேசிக்கொள்ள ஓர் ஆரஞ்சு பட்டன் என்று அந்த வாக்மேனில் இன்னும் சில வசதிகளும் இருந்தன. 1984-ல் அமெரிக்காவின் மில்வாக்கியிலிருந்து வந்த காஸ் போர்ட்டா ப்ரோ, மடித்துப் பைக்குள் போடும்படி இருந்தது. காதின் மேல் விழும் அழுத்தத்தை நெற்றிப்பொட்டு தாங்கிக்கொள்ளவும் வழி செய்தது. இன்றும் ஏறக்குறைய அதே தோற்றத்தில் அது விற்பனையாகிறது.

குறை இல்லாமல் இல்லை. நீங்கள் கேட்கும் பாட்டைப் பக்கத்து சீட்காரரும் கேட்பார். பஸ் இரைச்சல் உள்ளே வரும். அதை வெல்ல வால்யூமை ஏற்றினால் பாதிப்பு காதுக்குத்தான். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. சத்தம் கூடக் கூட, அந்த நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அதனால், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் மூடிய வகையே நல்லது. காலை நடைக்கும் மொட்டை மாடிக்கும் திறந்த வகை சுகம். வாங்கும் முன் பத்து நிமிடம் மாட்டிப் பாருங்கள். காது வலிக்கிறதா, ஸ்பாஞ்ச் தனியாக மாற்றக் கிடைக்குமா என்று கவனியுங்கள்.

பின்னால் வரும் வண்டியின் ஹாரனும், அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிடும் குரலும் காதில் விழ வேண்டும். அதற்குப் பிறகுதான் பாட்டு!