கங்கைக் கரையில் ஓர் ஓவியரின் வம்சம்

இமயத்தை விட்டிறங்கும் கங்கை சமவெளியில் அடியெடுத்து வைக்கும் தலம் ஹரித்துவார். மோட்சம் அருளும் ஏழு நகரங்களுள் ‘மாயா’ என்று போற்றப்படுவது இதுவே. பிரம்ம குண்டத்தில் நீராடி, மாலையில் ஹர்-கி-பௌரி படித்துறையில் கங்கைக்கு நிகழும் ஆரத்தியைத் தரிசித்துத் திரும்புவோர் அநேகர். ஆனால், அங்குள்ள தீர்த்த புரோகிதர்களின் இல்லங்களில் துணி சுற்றி அடுக்கப்பட்டிருக்கும் பழைய ஏடுகளைக் கண்டவர் சிலரே.

‘பஹி’ என்பது அவ்வேடுகளின் பெயர். நீண்டு குறுகிய தாள்களைக் கட்டிய புத்தகங்கள் அவை. அஸ்தி கரைக்கவும் சிராத்தம் செய்யவும் புனித நீராடவும் வந்தவர்களின் பெயர், தந்தை, பாட்டனார் பெயர்கள், ஊர், குலம், வந்த காரணம் ஆகியவற்றைப் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக அவற்றில் எழுதி வருகின்றனர். ஒவ்வொரு பண்டா குடும்பத்துக்கும் இன்னின்ன ஊரார் என்று வரையறை உண்டு. வந்தவர் தம் பூர்விக ஊரையும் குலத்தையும் சொன்னால் போதும். அவர் முகம்கூடக் கண்டிராத கொள்ளுப்பாட்டனாரின் வருகையைப் பண்டா படித்துக் காட்டுவார். அந்நேரத்தில் கண் கலங்காதவர் அரிது.

இந்த ஏடுகளால்தான் பதினெட்டாம் நூற்றாண்டின் ஒப்பற்ற ஓவியர் ஒருவருடைய வம்சம் வெளிப்பட்டது. அவர் பெயர் நைன்சுக்.

இன்றைய இமாசலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில் உள்ள குலேர், அக்காலத்தில் ஒரு சிற்றரசின் தலைநகர். இன்றோ பதான்கோட்டிலிருந்து செல்லும் சிறிய ரயில் பாதையில் ஒரு நிலையம். இம்மலை நாட்டில் தீட்டப்பட்ட கண்ணன், ராதை ஓவியங்களை உலகம் அறிந்திருந்தது, தீட்டியவர்களை அறிந்திருக்கவில்லை. குலேர் பாணி, காங்ரா பாணி, பசோலி பாணி என்று அரசுகளின் பெயராலேயே அறிஞர்கள் அவற்றைப் பிரித்து வந்தனர். சண்டிகரில் பஞ்சாப் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய பி.என். கோஸ்வாமி வேறு விதமாக எண்ணினார். அரசர்கள் மாறலாம், தந்தையிடம் மகன் கற்ற கை மாறாதல்லவா? ஆகவே ஓவியர்களின் குடும்பங்களைத் தேட முற்பட்டார். ஓவியர்களும் இந்துக்கள்தாமே, பெற்றோரின் அஸ்தியைக் கரைக்கக் கங்கைக்கு வந்திராமலா இருப்பார்கள்? எளிய சிந்தனைதான். ஆயினும் அதுவரை எவருக்கும் தோன்றாத சிந்தனை.

பஹிகளைப் புரட்டியதில் விடை கிடைத்தது. 1736ஆம் ஆண்டில் மானகு என்னும் ஓவியர் ஹரித்துவாருக்கு வந்து பதிவு செய்திருக்கிறார். 1730இல் கீதகோவிந்தத்தை ஓவிய வரிசையாகத் தீட்டியவர் அவரே. குலேர் வாசி, தச்சர் குலம், சேவுவின் மகன், ஹஸ்னுவின் பேரன் என்று அவ்வம்சம் துலங்கியது. ஓவியருக்குத் தச்சர் குலமா என்று வடநாட்டு ஆய்வாளர் வியந்திருக்கலாம். மரமும் கல்லும் உலோகமும் வண்ணமும் விசுவகர்மாவின் மரபு என்றறிந்த தமிழருக்கு அதில் வியப்பில்லை. மானகுவின் தம்பியே நைன்சுக். அண்ணனின் ஓவியம் மரபு வழுவாதது. தம்பியின் ஓவியமோ கண்ணெதிரே நிற்கும் மனிதரை அப்படியே காட்டுவது. ஓவியங்களை மட்டும் பார்த்தவர் இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர் என்று ஊகித்திருக்கவும் மாட்டார்.

நைன்சுக் குலேரை விட்டு, ஜஸ்ரோட்டா அரச குடும்பத்தைச் சேர்ந்த பல்வந்த் சிங்கின் ஆதரவில் பல்லாண்டு வாழ்ந்தார். பல்வந்த் சிங் இசை கேட்பது, கடிதம் எழுதுவது, தாடியைத் திருத்திக்கொள்வது, குளிருக்குப் போர்வை போர்த்து அமர்ந்திருப்பது என அவருடைய அன்றாட வாழ்வு முழுவதையும் வரைந்தார். அரசவை ஓவியர் ஒருவர் தம் தலைவரை இத்தனை நெருக்கமாகக் கண்டது அபூர்வம். 1763இல் பல்வந்த் சிங் மறைந்தார். அவருடைய அஸ்தியோடு ஹரித்துவாருக்குச் சென்றவர்களில் நைன்சுக்கும் ஒருவர்.

அஸ்தியைக் கங்கையில் சேர்த்தபின் மற்றவர்களைப் போலவே அவரும் பண்டாவின் முன் அமர்ந்தார். தம் வம்சத்தைத் தம் கையாலேயே எழுதினார். எழுதியதோடு நிறுத்தவில்லை. கங்கை பூமிக்கு வந்த வரலாற்றை அந்த ஏட்டிலேயே சிறியதொரு கோட்டோவியமாக வரைந்தார். வண்ணமில்லை, பரிசளிக்க அரசருமில்லை. கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கம், ஒரு பேனா, அவ்வளவே.

அதன்பின் பசோலி மன்னர் அம்ரித் பாலிடம் பணியாற்றி, 1778இல் நைன்சுக் காலமானார். காமா, கௌதூ, நிக்கா, ராஞ்சா என்ற நான்கு புதல்வர்களும் ஓவியர்களே. அவர்களும் மானகுவின் மக்களுமாகிய அடுத்த தலைமுறையினரே பாகவதத்தையும் கீதகோவிந்தத்தையும் புதிய எழிலோடு தீட்டினர் என்பது கோஸ்வாமியின் முடிவு.

பண்டாக்களின் ஏடுகளில் இன்றும் பெயர்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. பண்டா முதலில் கேட்பது யாத்திரிகரின் பெயரை அன்று. பூர்விக ஊரின் பெயரை.