தளரப் பிடித்த கயிறு

காலைத் திருப்பலி முடிந்து வீடு திரும்பும்போது எங்கள் இருவரையும் எதிர்பார்த்து ஜிம்மி வாயிற்கதவின் பின்னால் நிற்கும். எங்கள் மகன் ஆசையோடு வளர்த்த லாப்ரடார் நாய் அது. வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்ட நாளில், "அப்பா, அம்மா, இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கூறி, அதன் கயிற்றை எங்கள் கையில் கொடுத்துச் சென்றான். அன்றுமுதல் அதன் நடை எங்கள் நடையாயிற்று.

அதனால் நாங்கள் பெற்ற நன்மை சிறிதன்று. பணி ஓய்வுக்குப்பின் நாற்காலியே கதியென்றிருந்த எங்களை அது தெருவுக்கு அழைத்து வந்தது. முதியோரும் வாரத்துக்கு 150 நிமிடங்களாவது மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிவுரை. அந்தக் கணக்கை ஜிம்மி ஐந்தே நாளில் தீர்த்துவிடும். முகம் மட்டுமே அறிந்திருந்த அண்டை வீட்டார் பலர் நண்பராயினர்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு காலை. தெருமுனையில் வேற்று நாயொன்று குரைத்தது. முப்பது கிலோ எடையுள்ள ஜிம்மி ஒரே பாய்ச்சலாய்ப் பாய்ந்தது. எங்களில் ஒருவர் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார். அதை விடுவிக்க நேரமில்லை. ஈரத் தரையில் இழுபட்டு விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது. "அம்மா, இடுப்பெலும்பு தப்பியதே, அதற்கு நன்றி சொல்லுங்கள்" என்றார் மாவுக்கட்டுப் போட்ட மருத்துவர்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. அமெரிக்காவில் நாயைக் கயிற்றில் பிடித்து நடத்தும்போது எலும்பு முறிந்து அவசர சிகிச்சைக்கு வந்த 65 வயதுக்கு மேற்பட்டோர் 2004இல் ஏறத்தாழ 1,670 பேர். 2017இல் ஏறத்தாழ 4,400 பேர். 2019இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்கு இது. அவர்களில் நான்கில் மூவருக்கும் மேல் பெண்கள். மாதவிலக்கு நின்றபின் பெண்களின் எலும்பு விரைவாக வலுவிழக்கிறது. இடுப்பெலும்பு முறிந்த முதியோர் பலர் மீண்டும் பழைய நடைக்குத் திரும்புவதில்லை.

"நாயை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்" என்றாள் மகள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்களுக்கோ மனம் வரவில்லை. மாவுக்கட்டோடு கழிந்த ஆறு வாரங்களும் எங்களை நாங்களே கேட்டுக்கொண்டோம்: கயிற்றை ஏன் அப்படிச் சுற்றிப் பிடித்தோம்? நாய் ஓடிவிடும் என்ற அச்சம் மட்டுமா? இல்லை. அது போய்விட்டால் மகன் விட்டுச்சென்றதும் போய்விடும் என்ற அச்சம். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எதிர்வீட்டுக் கல்லூரி மாணவன் பலமுறை, "தாத்தா, நான் கூட்டிப் போகட்டுமா?" என்று கேட்டிருந்தான். "எங்களால் முடியும், தம்பி" என்று ஒவ்வொரு முறையும் மறுத்திருந்தோம். முதுமையில் வேறொருவர் கையால் வழிநடத்தப்பட வேண்டிவரும் என்று ஆண்டவர் பேதுருவிடம் கூறியதை எத்தனையோ முறை கேட்டவர்கள் நாங்கள். அது எங்களுக்கும் உரியது என்று எண்ணியதில்லை.

கால்நடை மருத்துவர் எங்களுக்குப் பாடம் நடத்தினார். "இழுத்தால் வேகமாகப் போகலாம் என்று இதற்குக் கற்பித்தவர்கள் நீங்கள்தாம். இனிக் கயிறு இறுகியதும் நின்றுவிடுங்கள், தளர்ந்ததும் நடங்கள்" என்றார். கழுத்துப் பட்டைக்குப் பதில், நெஞ்சுப் பக்கம் கயிறு கோக்கும் மார்புப் பட்டை வாங்கச் செய்தார். கயிற்றை விரலிலோ மணிக்கட்டிலோ சுற்றாமல் உள்ளங்கையில் பிடிக்கவும், வழுக்காத காலணி அணியவும், ஈரமான நாளில் வெளியே போகாதிருக்கவும் சொன்னார். "தாங்க முடியாதபோது கயிற்றை விட்டுவிடுங்கள்" என்பதும் அவர் சொன்னதே.

இப்போது ஜிம்மி துள்ளித் திரியும் காலை வேளையில் எதிர்வீட்டுத் தம்பி அதை அழைத்துப் போகிறான். ஓடிக் களைத்து அது அமைதியாயிருக்கும் மாலையில் நாங்கள் நடக்கிறோம். இருபது அடிக்கு ஒருமுறை நின்ற நாள்கள் உண்டு. இன்று கயிறு பெரும்பாலும் தொய்ந்தே கிடக்கிறது. ஜிம்மி ஓடிப்போகவில்லை, அடிக்கடி திரும்பி எங்கள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறது.

தோபித்து ஆகமத்தில், முதிய பெற்றோரை வீட்டில் விட்டு மகன் தோபியா தொலைநாடு செல்லும்போது அவனோடு நாயும் செல்கிறது. தாய் அன்னா அவன் போன வழியையே நாள்தோறும் பார்த்திருக்கிறாள். எங்கள் வீட்டில் மகன் சென்றான், நாய் தங்கிவிட்டது. ஆயினும் தோபியாவுக்கு வழித்துணையாய் நாய் மட்டுமா சென்றது? வானதூதர் இரபேலும் உடன் நடந்தாரே! எங்கள் மகனையும் அத்தகைய துணையிடம் ஒப்படைத்துவிட்டு, அந்தி மணி ஒலிக்கும் வேளையில் கயிற்றைத் தளரப் பிடித்தபடி மெல்ல வீடு திரும்புகிறோம்.