இருபது ரூபாய்

2013-ல் சென்னை ஆட்டோக்களுக்கு அரசு கட்டணம் நிர்ணயித்தது, ஞாபகம் இருக்கிறதா? முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. பல ஆட்டோக்களில் மீட்டர் கொஞ்ச நாள்தான் ஓடியது. பேரம் பேசி அலுத்த நமக்கு ‘ஆப்’ வந்ததும் அப்பாடா என்றிருந்தது.

போன வாரம் நல்ல மழை. வழக்கமாக 120 ரூபாய் காட்டும் சவாரிக்கு ஆப் 190 காட்டியது. மூச்சு விடாமல் புக் செய்தேன். வந்த டிரைவர், “ரெண்டு கிலோமீட்டர் காலியா வந்திருக்கேன் சார், இருபது ரூபா சேர்த்துக் குடுங்க” என்றார். சுர்ரென்று கோபம். “ஆப்ல இருக்கறதுதான் தருவேன்!”

இறங்கிய பிறகுதான் இந்த பி.காம். மண்டைக்கு உறைத்தது. காலி வண்டிக்கான கேஸ் செலவு அவர் தலையில். கூடுதல் எழுபதில் அவர் பங்கு எவ்வளவு? கேட்கவே இல்லையே! திரும்பினேன். ஆட்டோ போய்விட்டிருந்தது.

உங்களிடம் யாராவது இருபது ரூபாய் கேட்டால், முதலில் கணக்குப் பாருங்கள். கோபம் அப்புறம்.